முதல் வெர்ஷன்

கரூர் வரைக்குங்களா தம்பி? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். அந்தப் பையை இப்படிக் கீழ வையுங்க, காலை நீட்டிக்கலாம். ஓ, லேப்டாப்புங்களா? அப்ப வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். கம்ப்யூட்டர் வேலைதானுங்க? பார்த்ததுமே நெனச்சேன். அப்ப நான் சொல்றது உங்களுக்குப் புரியும். எங்க சொந்தத்துல ஒருத்தனுக்கும் புரியலை. புரியாமயே எல்லாருஞ் சேர்ந்து என்னைய அட்மின் பொறுப்புல இருந்து தூக்கிட்டாங்க. நாயந்தானான்னு நீங்களே சொல்லுங்க.

நாச்சிமுத்துங்க எம்பேரு. சர்க்கரை ஆலையில ரெக்கார்டு செக்‌ஷன்ல முப்பத்திமூணு வருசம். நான் இருந்த வரைக்கும் ஒரு ஃபைலு காணாமப் போனதில்லை. கேட்ட காயிதத்தை ரெண்டு நிமிசத்துல எடுத்து மேசை மேல வைப்பேன். ரிட்டயர் ஆகி வீட்ல உக்காந்தப்பக் கையி பரபரன்னு இருந்துச்சு. அப்பத்தான் எங்கண்ணன் பையன் தினகரன், பெங்களூர்ல உங்களாட்டம் வேலை, அவன் வந்து, "சித்தப்பா, நம்ம வகையறாவுக்கு ஒரு விக்கி போடலாம், நீங்கதான் பார்த்துக்கணும்"ன்னான்.

விக்கின்னா உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அவன் சொன்னது இப்படி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். யாரு வேணா எழுதலாம், யாரு வேணா திருத்தலாம். பக்கத்தோட போட்டோ, ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, எது வேணாலும் கோத்து வைக்கலாம். அதே பேர்ல இன்னொண்ணை ஏத்துனாப் பழசு அழியாது. புதுசுக்கு அடியில போயி உக்காந்துக்கும். வெர்ஷன் ஒண்ணு, வெர்ஷன் ரெண்டு. யாரு ஏத்துனா, எந்தத் தேதி, எத்தனை மணி, எதுக்கு மாத்துனா, எல்லாம் பக்கத்துலயே எழுதியிருக்கும். ஹிஸ்டரின்னு ஒரு பொத்தான். அதை அமுக்குனாப் பழசெல்லாம் வரிசையா வந்து நிக்கும்.

கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சுங்க. முப்பத்திமூணு வருசம் கரையானோட மல்லுக்கட்டுனவன் நானு. கரையான் ஏறாத ரெக்கார்டு ரூமுன்னு ஒண்ணு இருந்தா அது இதுதான்.

எழுபத்திரண்டு குடும்பமுங்க. வீடு வீடாப் போயி வாங்கிட்டு வந்து ஏத்துனேன். நம்ம சனங்களுக்கு ஒழுங்கு கிடையாது, உங்களுக்கே தெரியும். எங்க பெரியம்மா பையன் மாரப்பன், மகன் கல்யாணப் பத்திரிகையப் பதினோரு தடவை ஏத்துனான். முதல்ல பொண்ணு பேர்ல தப்பு. அப்புறம் மண்டபத்துப் பேர்ல தப்பு. அப்புறம் இவம் பேருக்குக் கீழ 'முன்னாள் வார்டு உறுப்பினர்'னு போடலையாம். பழசு பத்தும் அப்படியே அடியில கெடந்துச்சு. நான் ஒண்ணையும் தொடலை. அதான் அட்மினோட தர்மம். வீட்லயும் நாகமணிகிட்ட, எங்கூட்டுக்காரிங்க, அவகிட்டத் தினமும் சொல்வேன். விக்கி பார்க்கன்னு வாங்குன டேப்ப அவ கையில குடுத்து, "இங்க அமுக்கு, இப்ப மூணாவதா இருக்கறதைத் தொடு, இப்ப எல்லாத்துக்கும் அடியில இருக்கறதைத் தொடு. பாத்தியா? இந்த ஒலகத்துல எதுவும் காணாமப் போகாது"ன்னு காட்டுவேன். அவ அஞ்சாவதோட நின்னவ. தலையத் தலைய ஆட்டுவா. அவளுக்கு எங்க ஏறுதுன்னு நெனச்சுக்குவேன்.

இப்ப எங்க குடும்பத்துப் பக்கத்துக்கு வர்றேன்.

எங்களுக்கு ஒரே பொண்ணுங்க. பேரு வேண்டாம். படிக்க வெச்சேன், எல்லாம் செஞ்சேன். இருபத்திரண்டு வயசுல எங்க ஆலைக்கு எலெக்ட்ரிக் வேலைக்கு வந்த ஒருத்தனோட போயிருச்சு. வேற சாதி. எந்தச் சாதின்னு கேக்காதீங்க, பஸ்ல ஆளுங்க இருக்காங்க. அன்னைக்கே தலை முழுகிட்டேன். வீட்ல இருந்த ஆல்பம், ஸ்கூல்ல எடுத்த படம், சர்ட்டிபிகேட்டு, அது வரைஞ்ச நோட்டு, மொத்தத்தையும் வாசல்ல போட்டுக் கொளுத்துனேன். நாகமணி தூணைப் புடிச்சுட்டு நின்னு பார்த்தா. என்ன இருந்தாலும் எம் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவ. அந்த விசயத்துல நான் குடுத்து வெச்சவன்.

ஏழு வருசம் கழிச்சுத் திருப்பூர்ல அந்தப் பொண்ணு செத்துப்போச்சுன்னு தகவல் வந்துச்சு. காய்ச்சலாம். நாலு வயசுல ஒரு கொழந்தையாம். நாகமணி மாத்துச்சேலைய எடுத்துப் பையில வெச்சா. "எங்க கெளம்பிட்ட? ஒருக்காத் தலை முழுகியாச்சு. ரெண்டாந்தடவை முழுகறதுக்கு அது என்ன தீபாவளியா?"ன்னேன். சேலைய எடுத்துத் திரும்பப் பொட்டியில வெச்சுட்டா. சண்டை கிண்டை ஒண்ணுமில்லை. நல்ல குடும்பம்னா அப்படித்தான் இருக்கணும்.

விக்கி வந்தப்ப என்ன ஆச்சுன்னா, தினகரன் அவங்கப்பா வீட்டுச் செவுத்துல இருந்த ஒரு படத்தைப் போன்ல எடுத்து எங்க பக்கத்துல ஏத்திட்டான். பழைய ஸ்டூடியோ படம். எனக்கு அப்ப முப்பத்தஞ்சு வயசு இருக்கும். சேர்ல உக்காந்திருப்பேன், கிரீம் கலர் சபாரி, கையில வாட்சு. அந்தப் படத்துல நான் ரொம்ப நல்லா இருப்பனுங்க. பக்கத்துல நாகமணி நிப்பா. அவளுக்கு அந்தப் பக்கம், ஓரத்துல, அதுவும் நின்னுச்சு. எட்டு வயசு.

நான் என்ன பண்ணுனேன்? ஓரத்தை வெட்டிட்டு அதே பேர்ல ஏத்துனேன். வெர்ஷன் ரெண்டு. காரணம்கிற எடத்துல 'அளவு சரி செய்யப்பட்டது'ன்னு போட்டேன். என்ன ஒண்ணு, நாகமணி ஒரு கையை அதோட தோள்ல வெச்சிருந்தா. வெட்டுனதுல கை மணிக்கட்டோட நின்னு போச்சு. பார்க்கறவங்களுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும். பரவாயில்லைன்னு விட்டுட்டேன். அண்ணன் வீட்டுக்குப் போயி அசல் படத்தையும் கேட்டு வாங்கிட்டு வந்து வெந்நி அடுப்புல வெச்சேன். தினகரனோட அந்தப் போனும் எப்பவோ மாறிப்போச்சு. வெர்ஷன் ஒண்ணு மட்டும் அடியில கெடந்துச்சு. கெடக்கட்டும்னுதான் இருந்தேன். அட்மின் தர்மம்னு சொன்னனே.

இந்த மாசி மாசம் தினகரன் போன் பண்றான். "சித்தப்பா, இடம் நெறஞ்சு போச்சு. எல்லாரும் பெரிய பெரிய போட்டோவா ஏத்தறாங்க. பழைய வெர்ஷன்ல தேவையில்லாததை அழிச்சாத்தான் புதுசு ஏறும்." சரின்னேன். எந்தெந்தப் பழைய வெர்ஷனை எத்தனை தடவை தெறந்து பார்த்திருக்காங்கன்னு ஒரு பட்டியல் அனுப்பிச்சான். உக்காந்து பார்க்கறேன். சைபர், சைபர், ஒண்ணு, சைபர், ரெண்டு. பழசை யாருங்க பார்க்கறா? ஒரே ஒரு எடத்துல கண்ணு நின்னுருச்சு. எங்க குடும்பப் படம், வெர்ஷன் ஒண்ணு. ஆயிரத்தி நானூத்திப் பன்னெண்டு.

எவனோ எம் மானத்தை நோண்டி நோண்டிப் பார்த்துச் சிரிச்சுட்டிருக்கான். அப்படித்தான தோணும்? மாரப்பன்தான்னு முடிவே பண்ணிட்டேன். அவனுக்கு எம் மேல பழைய காய்ச்சல் உண்டு. ஒரு கல்யாணத்துல, பந்தியில வெச்சு, எலையில சோறு போட்டிருக்கறப்பவே கேட்டேன். "ஏண்டா, எம் பொண்ணு ஓடிப்போனதைத் தினமும் பார்த்தாத்தான் உனக்குச் சோறு எறங்குதா?" அவன் பேந்தப் பேந்த முழிக்கறான். பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போயிட்டான். குத்தமுள்ளவந்தான எந்திரிச்சுப் போவான்னு நெனச்சேன்.

தினகரன்தான் பொறவு பார்த்துச் சொன்னான். "சித்தப்பா, அது வெளிய இருந்து இல்லை. உங்க வீட்டு டேப்ல இருந்துதான். தினமும் பதினோரு மணிக்கு."

பதினோரு மணிக்கு நான் வீட்ல இருக்க மாட்டனுங்க. பென்சனர் சங்கத்துக்குப் பேப்பர் படிக்கப் போயிருவேன். அடுத்த நாளு போற மாதிரி போயிட்டு, பாதி வழியில திரும்பி வந்தேன். செருப்பை வெளியவே கழட்டிட்டு உள்ள போனா, அடுக்களையில கீழ உக்காந்திருக்கறா. மடியில டேப்பு. பக்கத்துல கொத்தமல்லிக் கட்டு, பாதி ஆஞ்சது. ரெண்டு விரலை வெச்சுப் படத்தைப் பெருசு பண்ணிப் பண்ணி, அந்த ஓரத்தையே பார்த்துட்டிருக்கறா. அழுகலைங்க. சும்மாப் பார்த்துட்டிருக்கறா. நான் சொல்லிக் குடுத்த அதே மூணு பொத்தான். ஏறலைன்னு நெனச்சனே, என்னமா ஏறியிருக்குது பாருங்க.

நான் கத்தலை. இந்த ஊர்ல எத்தனை பேரு கையை நீட்டியிருப்பான்? நாப்பது வருசத்துல நான் ஒருக்காக் கை நீட்டுனதில்லைங்க, சாமி சத்தியமா. பக்கத்துல ஒரு பலகையப் போட்டு உக்காந்தேன். "எடம் பத்தலைன்னு தினகரன் சொல்றான். பழசை அழிக்கணும். இதுல இருந்தே ஆரம்பிப்போம்"ன்னேன்.

அவ டேப்ப நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. "ஏனுங்க, வேண்டாமுங்க. வேற எதை வேணா அழிச்சுக்குங்க."

"குடு."

"உங்களுக்கு நான் என்னைக்காச்சும் ஏதாச்சும் கொறை வெச்சிருக்கனா? இதை மட்டும் உட்டுருங்க. எப்பவாச்சும் ஒருக்காப் பார்த்துக்கறேன்."

"எப்பவாச்சுமா? ஆயிரத்தி நானூத்திப் பன்னெண்டு தடவைன்னு ரெக்கார்டு இருக்குது நாகமணி. எங்கிட்டப் பொய் சொல்லாத."

ரெக்கார்டுக்கு முன்னால யாரு பேச முடியும்? டேப்ப வாங்கி, என் பாஸ்வேர்டைப் போட்டு, அழிக்கிற எடத்துக்குப் போனேன். அட்மினுக்கு மட்டுந்தான் அந்தப் பொத்தான் உண்டு, தெரியுங்களா? அழிச்சா அடியோட போயிரும். காரணம் கேட்டுச்சு. "என்ன போடட்டும், சொல்லு"ன்னேன். அவ கொத்தமல்லியப் பார்த்துட்டிருந்தா. நானே 'தேவையில்லாதது'ன்னு போட்டேன். அப்புறம், உறுதியான்னு கேட்டுச்சு. இங்கிலீசுல கேட்டுச்சு. அவளுக்குப் புரியட்டும்னு நாந் தமிழ்ல படிச்சுச் சொன்னேன். "இதைத் திரும்ப எடுக்க முடியாது, உறுதியான்னு கேக்குது."

அங்கதான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. நான் அமுக்குனா, நாளைக்கு நாந்தான் அழிச்சேன்னு ஆயிரும். மனசு ஒப்பி நடந்ததா இருக்கணும்ல? டேப்ப அவ பக்கம் திருப்பி, "நீயே அமுக்கு"ன்னேன்.

நான் அவசரப்படுத்தலை. வெளிய கேஸ் சிலிண்டர் வண்டி வந்துட்டுக்கூடப் போயிருச்சு. அவ முந்தானையில வெரலைத் தொடைச்சா. கொத்தமல்லி ஈரம் இருந்துச்சு போல. தொடைச்சுட்டு அமுக்குனா. நான் கையப் புடிக்கலை, ஒண்ணும் பண்ணலை. அவளா அமுக்குனதுங்க. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க, ஏன்னா இதைத்தான் ஒருத்தனும் காதுல வாங்க மாட்டேங்கறான்.

பொறவு அவ எந்திரிச்சுப் போயி அரிசி களைஞ்சா. அன்னைக்குக் கொழம்பு நல்லாவே இருந்துச்சு. முடிஞ்சுது விசயம்னு நெனச்சேன். நானும் மத்ததையெல்லாம் அழிக்க ஆரம்பிச்சேன். அதுல பார்த்தீங்கன்னா, அந்த மாரப்பன் பத்திரிகை, பத்து வெர்ஷனை அழிச்சும் பெருசா எடம் வரலை. எங்க படம் அதைவிடச் சின்னது. அதை அழிச்சதுல எடம் ஒண்ணும் வரலைதான். அது வேற.

ஒரு மாசம் அவ வாயே தொறக்கலை. அவ வழக்கமே அதுதான். பதினோரு மணிக்கு அடுக்களையில அதே எடத்துல போயி உக்காந்துக்குவாளாம், கையில ஒண்ணுமில்லாம. பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்லுச்சு. உக்காந்தா உக்காரட்டும்.

அப்புறந்தான் எங்கண்ணன் பேத்திக்குக் காது குத்து வெச்சாங்க. எல்லாருஞ் சேர்ந்திருக்கோம். அங்க போயி இவ தினகரனைத் தனியாக் கூப்புட்டு, "சாமி, அந்தப் படம் வேற எங்கயாச்சும் இருக்குமா?"ன்னு கேட்டிருக்கறா. அவன், "எந்தப் படம் சித்தி?"ன்னிருக்கான். இவ சொல்லியிருக்கறா. எல்லாத்தையும். வெரலைத் தொடைச்சது வரைக்கும். அந்தப் பையன் அங்கயே ஒரு மூலையில லேப்டாப்பத் தெறந்து வெச்சுட்டுத் தேடறான், தேடறான். பேக்கப்புன்னு, அழிச்சதுக்கப்புறம் முப்பது நாள் வரைக்கும் ஒரு நகல் இருக்குமாம். நாள் கணக்குப் பார்த்தா முப்பத்திநாலு ஆயிப்போச்சு. "நாலு நாள் முன்னாடி கேட்டிருந்தீன்னா எடுத்திருப்பேன் சித்தி"ன்னு ஓன்னு அழுதானுங்க, முப்பத்தெட்டு வயசு ஆம்பளை, காது குத்து வீட்ல. கோகிலா அக்கா, கோகிலா அக்கான்னு வேற. அந்தப் பேரை அத்தனை சனத்துக்கு நடுவுல சொல்லி. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

எல்லாரும் எம் பக்கம் திரும்பிட்டாங்க. மாரப்பன் சும்மா இருப்பானா? "இந்த ஆளு கையிலயா நம்ம எழுபது குடும்பத்துப் படத்தையும் குடுத்து வெச்சிருக்கோம்?"ன்னான். அன்னைக்குச் சாயங்காலமே போன்ல ஓட்டெடுப்பு நடத்தி என்னையத் தூக்கிட்டாங்க. ஏழு வருசம், ஒரு நன்றி கிடையாது. நான் கேக்கறேன் தம்பி, விதிய மீறி ஏதாச்சும் செஞ்சனா? அட்மினுக்கு உரிமை இல்லாத பொத்தான் எதையாச்சும் அமுக்குனனா?

நாகமணியா? அவ காது குத்து வீட்ல இருந்து வீட்டுக்கு வரலை. கையில தாம்பூலப் பையோட அப்படியே திருப்பூர் பஸ் ஏறிட்டா. அந்த எலெக்ட்ரிசியன் வீட்டுக்கு. வெலாசம் எப்படித் தெரியும்னு எனக்கு இன்னும் தெரியலை. வந்துருவா, எங்க போயிருவான்னு ரெண்டு மாசம் பார்த்தேன். வரலை. மாத்திரை எந்த டப்பாவுல இருக்குதுன்னு எனக்குத் தெரியலை. காலையில ஒண்ணைப் போட்டுக்கிறேன், அது எதுக்குன்னு தெரியலை. சரி, பெரிய மனுசன் நாமதான் எறங்கிப் போகணும்னு இன்னைக்குக் காலையில கெளம்பிப் போனேன். இப்ப அங்க இருந்துதான் வர்றேன்.

மாடியில ஒரு சின்ன வீடு. அந்த ஆளு வேலைக்குப் போயிட்டான். ஒரு பொண்ணு கதவைத் தெறந்துச்சு. பதினாறு வயசு இருக்கும். "யாருங்க?"ன்னுச்சு. என்னன்னு சொல்றது? "உங்கம்மாயிய, பாட்டியக் கூப்புடு"ன்னேன். நாகமணி வந்தா. ஈரக்கையோட வந்து, "வாங்க, உக்காருங்க"ன்னா. வெளி மனுசங்களைச் சொல்ற மாதிரி. சொம்புல தண்ணி குடுத்தா. நல்லாத்தான் இருக்கறா, கொஞ்சம் ஒடம்பு போட்டிருக்கறா.

நான் கோவமாப் பேசப் போகலைங்க. நல்ல விதமாப் பேசி, சிரிச்சுப் பேசிக் கூட்டிட்டு வரணும்னுதான் போனது. எங்க ஆரம்பிக்கறதுன்னு சுத்தியும் முத்தியும் பார்த்தேன். செவுத்துல ஒரு படம், சந்தன மாலை போட்டு. ஒரு பொம்பளை, இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு இருக்கும், மடியில கைக்கொழந்தை. நல்ல லட்சணம். எழவு விசயத்துல இருந்து ஆரம்பிச்சா மரியாதையா இருக்குமேன்னு, கதவைத் தெறந்த பொண்ணைப் பார்த்து, "யாரு சாமி இது, உங்கப்பாவோட தங்கச்சியா? சின்ன வயசுலயே போயிருச்சா?"ன்னு கேட்டேன்.

அந்தப் பொண்ணு என்னையப் பார்த்துச்சு. அப்புறம் அதோட அம்மாயியப் பார்த்துச்சு.

"எங்கம்மாங்க"ன்னுச்சு.

நாகமணி எங்கையில இருந்த சொம்பை வாங்கிட்டா. வாங்கிட்டு, "வெயிலுக்கு முன்னாடி பஸ்ஸப் புடிங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

மாலை கழுத்து வரைக்கும் மறைச்சிருந்துச்சு தம்பி. எதுத்த ஜன்னல்ல இருந்து கண்ணாடியில வெளிச்சம் வேற பளிச்சுன்னு அடிச்சுது. நானும் கண்ணாடி போடாமப் போயிட்டேன். அந்த வெளிச்சத்துல யாரா இருந்தாலும் தெரியாதுங்க. நீங்களா இருந்தாலும் தெரிஞ்சிருக்காது. சொல்லுங்க, தெரிஞ்சிருக்குமா?